திரையில் ஓநாய்கள் அழிந்தால் மாணவர் என்ன கற்றுக்கொள்கிறார்?

மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்தும் ஆசிரியர் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். சூழல்மண்டலப் பாடத்துக்குக் கணினி சிமுலேஷன்களைப் பயன்படுத்தலாமா? மாணவர்கள் அதை வெறும் விளையாட்டாக எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்களா? களப்பயணத்துக்குப் பதிலாக இதையே வைத்துக்கொள்ள முடியுமா?

முதல் கேள்விக்கு என் பதில், தாராளமாகப் பயன்படுத்தலாம். இரண்டாவது, நீங்கள் பாடத்தை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூன்றாவதற்கு, முடியாது. இந்த மூன்று பதிலும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. யாரோ ஒருவர் எழுதிய விதிகளிலிருந்து என்ன விளையும் என்பதைத்தான் சிமுலேஷன் காட்டுகிறது. காட்டில் என்ன நடக்கிறது என்று அது காட்டுவதில்லை. மாணவர் அந்த விதிகள் வரை இறங்கிப் போனால் பாடம் நடந்திருக்கிறது. திரையில் புள்ளிகள் ஓடுவதைப் பார்த்ததோடு எழுந்துபோனால் படம் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

சூழலியலுக்கு இது ஏன் தேவை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாடநூலில் உணவு வலைப் படம் இருக்கும்: புல், முயல், நரி, பருந்து, நடுவே அம்புக்குறிகள். அந்த அம்புக்குறிகளில் காலம் இல்லை. நரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், முயல் பெருகும் என்று வகுப்பே சொல்லும். அதற்குப் பிறகு என்ன என்று கேட்டால் பலர் நின்றுவிடுவார்கள். முயல் பெருகப் பெருகப் புல் குறையும், அது முயலைத் திருப்பித் தாக்கும், ஆனால் உடனே தாக்காது, சில தலைமுறைகள் கழித்துத் தாக்கும் என்ற தாமதம் படத்தில் தெரியாது. களத்துக்கு ஒருநாள் அழைத்துப்போனாலும் தெரியாது. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் உள்ள ஐல் ராயல் தீவில் ஓநாய்களையும் மூஸ் மான்களையும் 1958 முதல் ஆண்டுதோறும் எண்ணிவருகிறார்கள். அவ்வளவு காலம் காத்திருந்துதான் அங்கே ஒரு சில ஏற்ற இறக்கங்களைப் பார்க்க முடிந்தது. வகுப்புக்கு நாற்பத்தைந்து நிமிடம்தான் உண்டு. காலத்தைச் சுருக்கித் தருவது சிமுலேஷனின் முதல் உதவி.

எங்கே தொடங்குவது? யூரி விலென்ஸ்கி உருவாக்கி 1999-ல் வெளிவந்த நெட்லோகோ என்ற இலவச மென்பொருளில் மாதிரிகளின் (இப்படி விதிகளால் எழுதப்பட்ட சிமுலேஷன்களின்) தொகுப்பு ஒன்று சேர்ந்தே வருகிறது. அதில் ஓநாயும் செம்மறியும் உள்ள மாதிரியிலிருந்து தொடங்கச் சொல்வேன். நிறுவாமலேயே பிரவுசரிலும் ஓட்டலாம். அதன் விதிகள் மிகக் குறைவு. ஒவ்வொரு விலங்கும் இலக்கில்லாமல் ஓர் அடி நகரும். ஓநாய் நகரும்போது ஆற்றல் குறையும், செம்மறியைத் தின்றால் கூடும், ஆற்றல் தீர்ந்தால் சாகும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிறு வாய்ப்பின்படி குட்டி போடும். இதில் இரண்டு வடிவங்கள் உண்டு. முதல் வடிவத்தில் புல் கணக்கிலேயே இல்லை, செம்மறிக்குப் பசி கிடையாது. இரண்டாவதில் புல் தீரும், சில காலம் கழித்து மீண்டும் முளைக்கும், செம்மறியும் பட்டினியால் சாகும்.

ஓட்டும் பொத்தானைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தாளில் வரைபடம் வரைந்துவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கிடைமட்டத்தில் காலம், செங்குத்தில் எண்ணிக்கை, செம்மறிக்கு ஒரு கோடு, ஓநாய்க்கு ஒரு கோடு. இரண்டு வடிவங்களில் எது நிலைத்து நிற்கும், ஏன் என்று ஒரு வரியும் எழுத வேண்டும். செம்மறிக்கு உணவுக் கவலையே இல்லாத முதல் வடிவம்தான் நன்றாக நிலைக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஓட்டினால் தலைகீழாக வரும். அலைகள் பெரிதாகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் ஓநாய்கள் எல்லா செம்மறிகளையும் தின்று தீர்த்துவிட்டுத் தாங்களும் அழியும், இல்லையென்றால் ஓநாய்கள் மட்டும் அழிந்து செம்மறிகள் எல்லையில்லாமல் பெருகும். புல்லைச் சேர்த்த பிறகு மூன்றும் ஏறி இறங்கினாலும் பெரும்பாலும் நீடித்து நிற்கும்.

இந்த இடத்தில்தான் ஆசிரியர் நேரம் செலவிட வேண்டும். பற்றாக்குறையைச் சேர்த்ததும் நிலைத்தன்மை எப்படி வந்தது? செம்மறிகள் மிகுந்தால் புல் தீர்ந்து அவற்றின் உச்சம் வெட்டுப்படுகிறது. செம்மறியின் உச்சம் தாழ்ந்ததால் ஓநாயின் உச்சமும் தாழ்கிறது. ஓநாய் அவ்வளவு பெருகாததால் அடுத்த சரிவு அவ்வளவு ஆழமாகப் போவதில்லை. இந்தச் சங்கிலியை மாணவர் தன் வாயால் சொல்லிவிட்டால், ஓர் இடம் எத்தனை உயிர்களைத் தாங்கும் என்ற தாங்குதிறன் கருத்தை வரையறையாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: இந்த அலையை யார் இயக்குகிறார்கள்? எந்த ஓநாய்க்கும் மொத்தக் கூட்டத்தின் எண்ணிக்கை தெரியாது. எந்த விதியிலும் அலை என்ற சொல் இல்லை. ஆனாலும் அலை வருகிறது. ஒழுங்கைப் பார்த்தவுடன் அதற்குப் பின்னால் ஒரு தலைவனையோ திட்டத்தையோ தேடும் பழக்கம் மாணவர்களிடம் ஆழமாக இருக்கிறது. அதை அசைக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

பிறகு அதே அமைப்பை எல்லோரும் ஒரே நேரத்தில் ஓட்டட்டும். ஒரு திரையில் ஓநாய்கள் பிழைக்கும், பக்கத்துத் திரையில் அழியும். எது சரி என்று கேட்பார்கள். இரண்டும் சரிதான். விதிகள் ஒன்றானாலும் தற்செயலுக்கு இடமுண்டு, எண்ணிக்கை குறையும்போது அந்தத் தற்செயலின் பிடி இறுகுகிறது. முடிவுகளைப் பலகையில் தொகுத்து, எத்தனை ஓட்டங்களில் எத்தனை அழிவு என்று எண்ணச் சொல்லுங்கள். சிறிய இனக்கூட்டம் ஏன் ஆபத்தில் இருக்கிறது என்ற பாதுகாப்பு உயிரியலின் அடிப்படை அந்தப் பலகையில் எழுதப்பட்டிருக்கும். உடனே ஐல் ராயலுக்குத் திரும்பலாம். 1980-ல் அங்கே 50 ஓநாய்கள் இருந்தன. நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் தீவுக்குள் நுழைந்தது, 1982-ல் 14 ஓநாய்களே மிஞ்சின. 1997-ல் உறைந்த ஏரியின் மேல் நடந்துவந்த ஒரே ஓர் ஆண் ஓநாய் அந்தக் கூட்டத்தின் மரபணுவளத்தையே சில காலம் மாற்றியது. பின்னர் நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இணையும் உள்ளினச் சேர்க்கை முற்றி, 2018-ல் இரண்டே ஓநாய்கள் எஞ்சிய நிலையில் வெளியிலிருந்து புதிய ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். நம் மாதிரியில் நோய் எங்கே, உறவுமுறை எங்கே, பனிப்பாலம் எங்கே என்று கேளுங்கள். வகுப்பு கலகலப்பாகிவிடும்.

கொன்றுண்ணி (பிற விலங்குகளைக் கொன்று தின்பது), இரை இரண்டின் எண்ணிக்கையையும் சொல்லும் சமன்பாடுகளின் வரலாறும் வகுப்பில் சொல்லத் தக்கது, ஏனெனில் அது ஒரு நிஜமான புதிரிலிருந்து பிறந்தது. இத்தாலிய விலங்கியலாளர் உம்பர்ட்டோ தான்கோனா ஏட்ரியாட்டிக் கடல் துறைமுகங்களின் மீன்வரத்துக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபியூமே துறைமுகத்தில் சுறா, திருக்கை போன்ற கொன்றுண்ணி மீன்களின் பங்கு 1914-ல் சுமார் 12 சதவீதம். முதல் உலகப் போரால் மீன்பிடிப்பு சுருங்கிய ஆண்டுகளில் அது ஏறி, 1918-ல் சுமார் 36 சதவீதத்தைத் தொட்டது. போர் முடிந்து படகுகள் திரும்பியபின் 1923-ல் சுமார் 11 சதவீதத்துக்கு இறங்கியது. மீன்பிடிப்பு குறைந்தால் எல்லா மீன்களும்தானே பெருக வேண்டும், கொன்றுண்ணிகளுக்கு மட்டும் ஏன் கூடுதல் லாபம்? அவருடைய மாமனார் வீட்டோ வோல்ட்டெரா கணிதவியலாளர். 1926-ல் அவர் தந்த விடையே இன்று லோட்கா–வோல்ட்டெரா மாதிரி எனப்படுகிறது. ஆல்ஃபிரட் லோட்கா தனியாக அதே சமன்பாடுகளை 1925-ல் வெளியிட்டிருந்தார்.

விடை வியப்பானது. அந்தச் சமன்பாடுகளில் இரையின் சராசரி எண்ணிக்கையைத் தீர்மானிப்பது கொன்றுண்ணியின் இறப்பு வீதம். கொன்றுண்ணியின் சராசரியைத் தீர்மானிப்பது இரையின் பெருக்க வீதம். வலை இரண்டையும் ஒரே விகிதத்தில் அள்ளினால் கொன்றுண்ணியின் இறப்பு கூடுகிறது, அதனால் இரையின் சராசரி உயர்கிறது. இரையின் பெருக்கம் குறைகிறது, அதனால் கொன்றுண்ணியின் சராசரி தாழ்கிறது. வலையை நிறுத்தினால் எதிர்மாறாக நடக்கும். போர்க்காலத்தில் நடந்தது அதுதான். இங்கிருந்து பூச்சிக்கொல்லிக்குப் போவது ஓர் எட்டுதான். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த பஞ்சுச் செதில்பூச்சியை 1880-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த வெடாலியா வண்டு கட்டுப்படுத்தியது. 1940-களில் அந்தத் தோட்டங்களுக்கு டிடிடி பூச்சிக்கொல்லி வந்ததும் வண்டு செத்தது, செதில்பூச்சி மீண்டும் பெருகியது. இரை, கொன்றுண்ணி இரண்டையும் கொல்லும் விதி ஒன்றை மாதிரியில் சேர்த்து மாணவர்களே இதைக் கண்டுபிடிக்கட்டும். சமன்பாட்டு மாதிரியில் இது வந்தே தீரும். நெட்லோகோவின் ஓநாய் மாதிரியிலும் வருகிறதா, எப்போது வராமல் போகிறது என்று தேடச் சொன்னால் அது ஒரு வாரத்துக்கான வேலை.

மொத்த எண்ணிக்கையை மட்டும் கணக்கிடும் சமன்பாட்டு மாதிரி, நெட்லோகோவின் ஓநாய் மாதிரி போல ஒவ்வோர் உயிரையும் தனித்தனியாக நகர்த்தும் தனியுயிர் மாதிரி என்று இரண்டு வகை இருப்பதை மாணவர்கள் கட்டாயம் அறிய வேண்டும். சமன்பாட்டில் எண்ணிக்கை முழு எண்ணாக இருக்கத் தேவையில்லை. அதனால் ஒரு நரியின் கோடியில் ஒரு பங்கு கூடப் பிழைத்திருந்து மறுபடி பெருகிவிடும். நரிகளிடையே வெறிநோய் பரவுவதைக் காட்டிய மாதிரி ஒன்றில் இது நடந்ததை 1991-ல் டெனிஸ் மாலிசன் சுட்டிக்காட்டினார். அதில் நரியின் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 10-இன் அடுக்கு எதிர்ம 18 வரை இறங்கியிருந்தது. அந்தச் சிறுதுளியிலிருந்துதான் அடுத்த அலை எழுந்தது! உயிருள்ள நரிக்கு அந்த வசதி இல்லை. ரஷ்ய உயிரியலாளர் கௌஸ் 1934-ல் வெளியிட்ட சோதனைகள் இதற்கு நேர் சாட்சி. பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரி இருந்த குழாயில், அதைத் தின்னும் டிடினியம் என்ற இன்னொரு ஒருசெல் உயிரியை விட்டார். அழகிய அலை எதுவும் வரவில்லை. டிடினியம் எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் பட்டினியில் செத்தது. அடியில் வண்டல் போட்டு ஒளிய இடம் தந்தபோது சில பாரமீசியங்கள் தப்பின, கொன்றுண்ணிதான் அழிந்தது. அவ்வப்போது வெளியிலிருந்து ஓரிரு உயிர்களைச் சேர்த்தபோதுதான் ஏற்ற இறக்கம் தொடர்ந்தது. 1958-ல் கார்ல் ஹஃபேக்கர் ஆரஞ்சுப் பழங்களைப் பரப்பி, நடுநடுவே வாசலின் தடைகள் வைத்து, தாவரம் தின்னும் சிலந்திப்பேனையும் அதைத் தின்னும் இன்னொரு பேனையும் விட்டார். இடம் சிக்கலாக ஆக, இரண்டும் சேர்ந்து வாழ்ந்த காலம் நீண்டது. இந்த நிலைகளையெல்லாம் தனியுயிர் மாதிரியில் ஒவ்வொன்றாகக் கட்டிப் பார்க்கலாம். மாதிரியைப் பரிசோதனையோடு உரசிப் பார்க்கும் பழக்கம் அப்போது வரும்.

கணினிகள் குறைவாக இருந்தால் கவலை வேண்டாம். ஒரு ப்ரொஜெக்டர் போதும், அல்லது சாதாரண ஸ்ப்ரெட்ஷீட் போதும். ஒரு கட்டத்தில் தொடக்க எண்ணிக்கை 100 என்று போடுங்கள். அடுத்த ஆண்டின் எண்ணிக்கைக்கு ஒரு சூத்திரம்: இந்த ஆண்டின் எண்ணிக்கை, அதோடு அதைப் பெருக்க வீதத்தால் பெருக்கி, ஒன்றிலிருந்து தாங்குதிறனில் நிரம்பிய பங்கைக் (எண்ணிக்கை ÷ தாங்குதிறன்) கழித்து வருவதாலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். தாங்குதிறன் 1000 என்று வைத்து நூறு வரிசைகளுக்கு இழுத்துவிடுங்கள். பெருக்க வீதம் 0.5 என்றால் பாடநூலில் உள்ள S வடிவ வளைவு வரும். 1.9 என்றால் 1000-க்கு மேலும் கீழும் ஆடி மெல்ல அடங்கும். 2.3-ல் இரண்டு எண்களுக்கிடையே மாறி மாறி நிற்கும். 2.5-ல் நான்கு எண்கள். 2.8-ல் எந்த ஒழுங்கும் இருக்காது. அந்த 2.8-ஐ அப்படியே விட்டுவிட்டு, பக்கத்து நெடுவரிசையில் தொடக்க எண்ணிக்கையை 101 ஆக மாற்றுங்கள். முதல் சில ஆண்டுகள் இரண்டு கோடுகளும் சேர்ந்தே போகும், பிறகு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் பிரிந்துவிடும்.

தற்செயலே இல்லாத, ஒரே வரிச் சூத்திரம் இது. ராபர்ட் மே 1976-ல் நேச்சர் இதழில் இதுபோன்ற எளிய சமன்பாட்டைப் பற்றி எழுதி, கணிதக் கல்வியின் தொடக்கத்திலேயே மாணவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டும் என்று வாதாடினார். முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். எண்ணிக்கை தாறுமாறாக ஏறி இறங்கினால் வெளியிலிருந்து ஏதோ இடித்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு இந்த மாணவர்கள் அவசரமாக வரமாட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை. லோட்கா–வோல்ட்டெரா சமன்பாடுகளை இதே பாணியில் படிப்படியாக ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டால் அலைகள் வளர்ந்துகொண்டே போகும். உண்மையான சமன்பாட்டில் அவை வளர்வதில்லை, ஒரே அளவில் சுற்றி வரும். படியின் அளவு பெரிதாக இருப்பதால் வரும் பிழை அது. படியைச் சிறிதாக்கினால் வளர்ச்சி குறையும். இதை மறைக்காமல் மாணவர்களிடமே காட்டுங்கள். திரையில் தெரிவதில் எது உயிரியல், எது கணக்கிடும் முறையின் விளைவு என்று பிரித்துப் பார்க்க இதுவே நல்ல சந்தர்ப்பம்.

S வளைவு எங்கே உடைகிறது என்பதற்கு நான் விரும்பிச் சொல்லும் உதாரணம் பெரிங் கடலில் உள்ள செயின்ட் மேத்யூ தீவு. 1944-ல் அங்கே 29 ரெயின்டீர் மான்களை விட்டார்கள். கொன்றுண்ணி கிடையாது, நிலமெங்கும் மான்கள் மேயும் லைக்கன் என்ற பாசி போன்ற உயிரியின் தடித்த படலம். 1957-ல் சுமார் 1,350, 1963-ல் சுமார் 6,000. அடுத்து வந்த கடுங்குளிருக்குப் பிறகு, 1966-ல் டேவிட் கிளைன் எண்ணியபோது இருந்தவை 42. நமது சூத்திரத்தில் எந்தப் பெருக்க வீதத்தைப் போட்டால் இப்படி ஒரு சரிவு வரும் என்று தேடச் சொல்லுங்கள். மானின் இயல்பான பெருக்க வீதத்துக்கு வராது. தாங்குதிறன் மாறாத எண் என்று சூத்திரம் கருதுவதுதான் காரணம். லைக்கன் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும், மான்கள் அதைத் தின்று தீர்த்தபோது தாங்குதிறனையே தின்றுவிட்டன. மாணவர்கள் தாங்களாகவே லைக்கனுக்கு ஒரு நெடுவரிசை சேர்த்து, அது மெதுவாக மீள்வதாக விதி எழுதிச் சரிவை வரவழைத்தால், அன்றைய வகுப்பு வெற்றி.

இனி ஆபத்துகள். ஸ்லைடர்கள் உள்ள எந்த மென்பொருளிலும் மாணவர்கள் வெல்ல முயல்வார்கள், எல்லாம் பிழைத்திருக்கும் ஓர் எண் சேர்க்கையைத் தேடிப் பிடித்ததும் நிறுத்திவிடுவார்கள். இதைத் தடுக்க ஒரே வழி, ஒரு நேரத்தில் ஒரு ஸ்லைடர் மட்டும், அதுவும் கணிப்பை எழுதிய பிறகு என்பதுதான். இன்னொரு ஆபத்து நுட்பமானது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் திட்டத்தில் இயற்கைத் தேர்வுக்கான முயல் சிமுலேஷன் ஒன்று இருக்கிறது. தெளிவானது, அழகானது, நானும் பரிந்துரைப்பேன். ஆனால் அதில் மரபணுவில் தற்செயலாக நேரும் திடீர்மாற்றத்தைப் பயனர் பொத்தானை அழுத்திச் சேர்க்கிறார். ஓநாய் வந்ததும் பழுப்பு ரோமத்தைச் சேர்த்துப் பழகிய மாணவர், தேவை வரும்போது திடீர்மாற்றம் வரும் என்று நினைத்துவிடக் கூடும். ஓநாய் வருவதற்கு முன்பே திடீர்மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள், சில ஓட்டங்களில் எந்தப் பயனும் இல்லாத மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். மாற்றங்கள் தாமாகத் தோன்றுவதைப் பார்க்க வேண்டுமானால் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் அவிடா-எட் இருக்கிறது. அதில் தன்னைத் தானே நகலெடுக்கும் சிறு நிரல்கள் பிழைகளோடு பெருகி, பரிணமிக்கின்றன.

நிஜத் தரவும் மாதிரியும் ஒத்துப்போவதாகக் காட்டும்போதும் கவனம் தேவை. கனடாவின் லிங்க்ஸ் பூனை, பனிமுயல் வரைபடம் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. அது ஹட்சன் பே நிறுவனத்தின் ரோமத்தோல் வணிகக் கணக்கிலிருந்து வந்தது, ஏறத்தாழ பத்தாண்டுச் சுழற்சி. 1973-ல் மைக்கேல் கில்பின் அதை ஆராய்ந்தபோது சில ஆண்டுகளில் லிங்க்ஸின் உச்சம் முயலின் உச்சத்துக்கு முன்னால் வந்தது. மாதிரியின்படி வாசித்தால் முயல்தான் லிங்க்ஸைத் தின்றிருக்க வேண்டும். தோல் கணக்கு வேட்டைக்காரர்கள் எதைப் பிடித்தார்கள் என்பதைச் சொல்கிறது, காட்டில் எத்தனை இருந்தன என்பதை நேரடியாகச் சொல்வதில்லை. அந்த வரைபடத்தைச் சமன்பாட்டின் நிரூபணமாகக் காட்டாதீர்கள். கேள்வி கேட்கக் கொடுங்கள்.

களப்பயணத்துக்கு வருவோம். அதை விட்டுவிட முடியாது என்று சொன்னதற்குக் காரணம், மாதிரியில் போடும் எண்கள் எங்கிருந்தோ வர வேண்டும். ஒரு குளத்தில் பாசிச்செடியின் இலைகளை வாரந்தோறும் எண்ணிய மாணவருக்குப் பெருக்க வீதம் என்பது எவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைக்கும் எண் என்று தெரியும். சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்துச் செடிகளை எண்ணியவருக்கு, இரண்டு அடி தள்ளி வைத்திருந்தால் வேறு எண் வந்திருக்கும் என்பது தெரியும். அது முடியாத பள்ளியில் ஈஸ்ட் கரைசலும் ஒரு நுண்ணோக்கியும் போதும். சர்க்கரைக் கரைசலில் செல்களைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணி, கிடைத்த வளைவின் மேல் ஸ்ப்ரெட்ஷீட்டின் வளைவைப் பொருத்திப் பார்க்கலாம். முதலில் எண்ணுவது, பிறகு மாதிரி கட்டுவது, பொருந்தாத இடத்தைக் கண்டு மீண்டும் போய் எண்ணுவது என்ற வரிசையை நான் வலியுறுத்துவேன். மாதிரி எதை எண்ண வேண்டும் என்று சொல்லித்தரும், களம் மாதிரியில் எது விடுபட்டது என்று சொல்லித்தரும்.

கடைசியாக மதிப்பீடு. சிமுலேஷனை ஓட்டி, விளைவை எழுதுக என்ற கேள்வி வேண்டாம், திரையைப் பார்த்து எழுதிவிடுவார்கள். அறிமுகமில்லாத ஒரு வரைபடத்தைக் கொடுத்து, இதைத் தர எந்த விதி இருந்திருக்க வேண்டும், எது இருந்திருக்க முடியாது என்று கேளுங்கள். அல்லது ஓநாய் மாதிரியில் இல்லாத மூன்று உயிரியல் உண்மைகளைப் பட்டியலிட்டு, அவற்றில் எதைச் சேர்த்தால் முடிவு மாறும், எதைச் சேர்த்தாலும் மாறாது, ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். நிஜ ஓநாய் இலக்கில்லாமல் திரியாமல் துரத்திப் பிடிக்கிறது என்று ஒருவர் எழுதலாம். மாதிரியில் வயது இல்லை, பிறந்த குட்டியும் உடனே வேட்டையாடுகிறது என்று இன்னொருவர் எழுதலாம். செம்மறிகள் கூட்டமாகச் சேர்வதில்லை என்றும் எழுதலாம். எழுதியதில் ஒன்றையாவது நிரலில் ஒரு வரி மாற்றி அவர்களே சோதிக்கட்டும். நெட்லோகோவின் கட்டளைகள் எளியவை, நிரல் எழுதாதவரும் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். அவர்களது கணிப்பு தவறாக வந்தாலும், காரணத்தைச் சரியாகத் தேடியிருந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள்.